பாலர்க்கு ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள்

சிறுவர்க்குப் பாட்டும் ஆட்டமும் பயிற்றுவித்தல் கல்வியின்பாற் படுமோ, வீண்பொழுது போக்கலாகுமோ என்னும் ஐயம் நம் சங்கத்துப் பெற்றோர் பலர்க்கு உண்டு. எழுத்தும் கணக்கும் அமையும், கூத்து எற்றுக்கு என்பர் அவர். அவ்வையத்தைத் தீர்க்கவல்ல வாழ்க்கையொன்று நம் தூத்துக்குடிக்கு அண்மையிலேயே தோன்றிற்று. அது தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகளின் வாழ்க்கை. நாடகத் தமிழின் தலைமையாசிரியர் என அவரைப் பலரும் அறிவர். சிறு பாலர்க்கு அவர் ஆசிரியராய் அமர்ந்த வரலாற்றை நினைப்பார் சிலரே. ஆதலின் அதனை ஈண்டு எழுதப் புகுந்தாம்.

சுவாமிகள் 1867 ஆம் ஆண்டு செப்டம்பர் 7 ஆம் நாள் காட்டுநாயக்கன்பட்டியில், தாமோதரனார்க்கும் பேச்சியம்மையார்க்கும் மகனாராகப் பிறந்தார். முதற்கல்வி தமிழறிந்த தந்தையாரிடமே வாய்த்தது. பின்னர்ப் பழனி தண்டபாணி சுவாமிகளை அடுத்து இலக்கண இலக்கியங்களைக் கற்றார். வெண்பாவும் விருத்தமும் சந்தமும் அவர்க்கு இளமையிலேயே கைவந்தன. சிலகாலம் தூத்துக்குடியில் உப்புப் பண்டகசாலையொன்றிற் கணக்கெழுதினார். உப்பளங்களின் நடுவே வாழும் முத்தையாபுரத்தார்க்கு இச்செய்தி தனி உவகை தருவதாம். தமது 24 ஆம் வயதில் அவ்வேலையை விடுத்து நாடகக் குழுவிற் சேர்ந்தார்.

தொடக்கத்தில் இரணியன், இராவணன், எமன், சனீசுவரன் முதலிய வேடங்களைத் தாங்கி நடித்தார். நாளடைவில் வேடந் தரித்தலை விட்டு, நாடகம் இயற்றலிலும் நடிகரைப் பயிற்றுவித்தலிலும் தம் ஆற்றலைச் செலுத்தினார். புதுக்கோட்டையிற் கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளையவர்கள் அவரைத் தம் மகனாரெனவே பேணினார். தாளத்தின் நுட்பமெல்லாம் கைக்கொண்ட அப்பெரியாரின் நட்பு, சொல்வல்ல சுவாமிகளுக்கு லயத்திலும் தெளிவைத் தந்தது.

அக்காலத்து நடிகர் சிலர் மேடையேறியபின் பாடத்தை மறந்து, தம் மனம்போனவாறு பேசியும் ஒருவரையொருவர் பாட்டால் மடக்கியும் நாடகத்தைக் குலைத்தனர். பழக்கம் முதிர்ந்தாரைத் திருத்துதல் அரிது. இளங்கன்றையே ஏரிற் பழக்கல் வேண்டும். சுவாமிகள் சிறுவரை நாடினார். 1910 இல் அவர் நிறுவிய சமரச சன்மார்க்க சபையிற் பயின்றவருள் எஸ். ஜி. கிட்டப்பாவும் ஒருவர். 1918 இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை அவரை ஆசிரியராகக் கொண்டு எழுந்தது. அவ்வாண்டே டி. கே. எஸ். சகோதரர் அதிற் சேர்ந்தனர். அவருள் சண்முகம் அப்போது ஆறு வயதினர்.

ஆறு வயதுப் பாலனுக்கு யாது கற்பிப்பது? சுவாமிகளின் நாடகங்களே அதற்குப் பாடநூலாயின. விருத்தமும் கண்ணியும் இராகதாளத்தோடமைந்த கீர்த்தனமும் உரைநடையோடு விரவி வருவன அவை. அவற்றை மனனஞ் செய்யும் சிறுவன், எதுகை மோனையைச் செவியாலும், தாளத்தைக் கையாலும், பொருளைக் கண்ணாலும் மெய்ப்பாட்டாலும் உணர்ந்துகொள்வான். ஒலிபெருக்கி இல்லாத அந்நாளிற் கடைசி வரிசையிலிருப்பார்க்கும் லகர ளகரங்கள் தெளிவுறக் கேட்டல் வேண்டும். எனவே நாத்திருத்தம் தானே உண்டாயிற்று. கல்லாத குடிப்பிள்ளைகள் பலர் இவ்வாறே தமிழ் கற்றனர். மாணாக்கனின் இயல்பறிந்து பாடம் அமைக்கும் கருணையும் சுவாமிகள்பால் இருந்தது. சண்முகம் அபிமன்யுவாக நடித்தற்பொருட்டு, அபிமன்யு சுந்தரி நாடகம் முழுதையும் ஒரே இரவில் எழுதி முடித்தார்.

எனினும், பாலர் சபைகளின் குறையையும் மறைத்தல் தகாது. சிறுவர் தாய் தந்தையரைப் பிரிந்து கம்பெனி வீட்டில் உறைந்தனர். அடியும் கண்டிப்பும் அங்கே சாதாரணம். இரவெல்லாம் கண்விழித்து நடித்தனர். வளர்ந்த பருவத்தில் மகரக்கட்டு வந்து குரல் உடைந்தபோது, நேற்றுவரை ஊர் மெச்சிய பிள்ளை இன்று பாடவியலாது நின்றான். குரலையன்றி வேறு கல்வி பெறாதவன் கதி யாது? சிறுவரின் கலையை நம்பிப் பொருளீட்டப் புகுந்தால் விளையும் தீங்கு இதுவே.

சுவாமிகள் இல்லறம் மேற்கொண்டாரல்லர். மாணாக்கரே அவர்க்கு மக்களாயினர். இறுதி நாளிற் பக்கவாதம் பற்றி வாய்பேச இயலாது வருந்தினார். அன்னார் 1922 ஆம் ஆண்டு நவம்பர் 13 ஆம் நாள் புதுச்சேரியில் மறைந்தார். அவர்தம் மாணாக்கர் அப்பயிற்சியை மறந்தாரல்லர். டி. கே. எஸ். சகோதரர் 1925 இற் சொந்தக் குழு அமைத்து, நெடுங்காலம் தமிழ் நாடகத்தை வளர்த்தனர். ஆறு வயதிற் சேர்ந்த அச்சண்முகமே பின்னாளில் ஔவையார் வேடம் புனைந்து, ஔவை சண்முகம் எனப் புகழ் கொண்டார்.

அன்பர்காள்! இவ்வாழ்க்கையினின்று கொள்ளத்தக்கதும் தள்ளத்தக்கதும் உண்டு. கைகொட்டிப் பாடவும், பொருளுக்கேற்ப மெய்யசைக்கவும் நம் குழந்தைகளை ஐந்தாம் வயதிலேயே பழக்குவோமாக. வாசிக்கத் திணறும் சிறுவன் தாளத்தோடு சொல்லுங்கால் தடையின்றிச் சொல்லுதலை நாம் வகுப்பிற் பன்முறை கண்டுளோம். ஆயின் அப்பயிற்சி வீட்டின் நிழலிலும் பள்ளியின் காவலிலும் நிகழ்க. பிரம்பும் பொருளாசையும் அதனை அணுகற்க. ஆண் பெண் இருபாலார்க்கும் அது பொதுவாகுக. நம் சங்கத்து ஆண்டுவிழாவில் பரிசுக்கென ஒருவரிருவரை மட்டும் மேடையேற்றுதலை விடுத்து, எல்லாப் பாலரையும் ஒருங்கே பாடச் செய்தல் நலம். நம் அண்டையூரிற் பிறந்த அப்பேராசிரியர்க்கு நாம் செய்யத்தக்க கைம்மாறு அதுவே.