மெதமுலனையில் எரிந்த நினைவகம்

தீவகத்தின் ஏனைய ஊர்களைப் போன்று சுருவிலும் 1990களின் தொடக்கத்தில் யுத்தத்தினால் வெறுமையானது. சென்றவர்கள் பலர், திரும்பியவர்கள் சிலரே. கூரையிழந்து வெறும் சுவர்களாக எஞ்சிய வீடுகளுக்கு எவரும் நினைவுப் பலகை நாட்டியதில்லை. வீடிழப்பதன் வலியை அறிந்த நாம், தீவின் மறுகோடியில் ஒரு குடும்பத்தின் நினைவகம் எரிந்த கதையைச் சற்று நிதானமாக நோக்கவேண்டியுள்ளது.

2022 மே 9ஆம் திகதி, பொருளாதார நெருக்கடியால் கொதித்தெழுந்த மக்கள் கூட்டம் அம்பாந்தோட்டை மாவட்டத்தின் மெதமுலனையில் ராஜபக்ஷ குடும்பத்தின் நினைவுக் காட்சிசாலையைத் தாக்கித் தரைமட்டமாக்கியது. அங்கிருந்த பெற்றோரின் மெழுகுச் சிலைகளும் சிதைக்கப்பட்டன. தங்காலையில் நின்ற தந்தையின் சிலையும் அன்றே வீழ்த்தப்பட்டது. அந்தத் தந்தையோ இறந்து 54 ஆண்டுகள் கடந்திருந்தன. அவர் யார் என்பதை இன்றைய தலைமுறையினர் அறிவது நன்று.

டி. ஏ. ராஜபக்ஷ 1905இல் பிறந்தவர். கிராமத் தலைமைக்காரர் ஒருவரின் மகன். காலி ரிச்மண்ட் கல்லூரியில் கற்றபின் வயலையே நாடினார். அரசியலில் முன்னின்றவர் அவரது தமையன் டி. எம். ராஜபக்ஷ. ஏழை விவசாயியின் பயிரான குரக்கனின் நிறத்தில் சால்வை அணியும் வழக்கத்தைத் தொடக்கியவர் அவரே. அந்தக் குரக்கன் நமது தீவகத்தின் வறண்ட நிலத்திலும் விளைந்து, நமது முன்னோரின் பசி தீர்த்த தானியம் என்பது குறிப்பிடத்தக்கது.

1945இல் தமையன் மறைந்தபோது, தயங்கி நின்ற தம்பியை ஊரவர்களே அரசியலுக்கு அழைத்து வந்தனர் என்பர். போட்டியின்றி அரசாங்க சபைக்குத் தெரிவான அவர், 1947இல் பெலியத்த தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரானார். 1951இல் பண்டாரநாயக்க அரசாங்கத்தை விட்டு விலகி எதிரணிக்குச் சென்றபோது அவரைப் பின்தொடர்ந்து, ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சியின் ஆரம்பகால உறுப்பினர்களில் ஒருவரானார். பின்னர் தகநாயக்கவின் அமைச்சரவையில் விவசாய, காணி அமைச்சராகவும், 1964இல் பிரதிச் சபாநாயகராகவும் இருந்தார். 1965 தேர்தலில் தோல்வியுற்ற அவர், 1967 நவம்பரில் காலமானார்.

1956இல் தனிச் சிங்களச் சட்டத்தைக் கொண்டுவந்த ஆட்சியின் அங்கமாக அவர் இருந்ததைத் தமிழர்களாகிய நாம் மறப்பதற்கில்லை. எனினும் அவரது செல்வாக்கு வயலிலிருந்து எழுந்ததேயன்றி, அரச திறைசேரியிலிருந்து எழுந்ததன்று.

பிள்ளைகள் எழுப்பிய நினைவகத்தின் கதை வேறு. அதற்கு 33 மில்லியன் ரூபாவுக்கு மேற்பட்ட அரச நிதி முறைகேடாகப் பயன்படுத்தப்பட்டதாக, முன்னாள் பாதுகாப்புச் செயலாளர் கோத்தபாய ராஜபக்ஷ உள்ளிட்டோர் மீது 2018இல் வழக்குத் தொடரப்பட்டது. 2019 நவம்பரில் அவர் ஜனாதிபதியானதும், அப்பதவிக்குரிய விலக்குரிமையின் பேரில் வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டார். குற்றம் நிரூபிக்கப்படவுமில்லை, முற்றாக மறுக்கப்படவுமில்லை. நீதிமன்றம் பதிலளிக்காமல் விட்ட கேள்விக்கு ஈராண்டுகளின் பின் தெரு தீயினால் பதிலளித்தது.

அந்தத் தீயைக் கண்டு நாம் மகிழ முடியுமா? 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் சுமார் 97 ஆயிரம் நூல்களுடன் எரிந்ததைக் கண்ட மக்கள் நாம். இரண்டும் ஒன்றல்ல, ஒன்று ஓர் இனத்தின் அறிவுச் செல்வம், மற்றையது ஒரு குடும்பத்தின் பெருமை. ஆயினும் எரிந்து முடிந்தபின் எவரிடமும் கணக்குக் கேட்க முடிவதில்லை. மெதமுலனையில் எரிந்தது கட்டடம். விடை கிடைக்காமற் போனது பொதுப்பணம் பற்றிய கேள்வி.

தந்தைக்கு நினைவகம் எழுப்புவது பிள்ளைகளின் உரிமை. அதைத் தமது பணத்தில் எழுப்புவது அவர்களது கடமை. டி. ஏ. ராஜபக்ஷவுக்கு மெழுகுச் சிலை தேவைப்பட்டிருக்கவில்லை. குரக்கன் நிறச் சால்வை தோளில் இருந்தும், குரக்கன் விதைத்தவனின் பணத்திற்கு மதிப்பளிக்காத அரசியலே அவரது நினைவுக்கு முதலில் தீ வைத்தது என்பதே நமது கருத்து.