ஐந்தரை அடி கோல்கீப்பர்

கோல் போட்டவர் பெயரை நாம மறக்கவே மாட்டோம். கோலைத் தடுத்தவர் பெயர் மறுநாளே மறந்துடும். அதனால இந்தத் தடவை ஒரு கோல்கீப்பர்.

பெயர் ஜூலியன் தாருயி. 1916-ஆம் ஆண்டு பிப்ரவரி 16 அன்று லக்சம்பர்க் நாட்டில் ஓபர்கார்ன் என்ற ஊரில் பிறந்தார். ஆனால் ஆடியது பிரான்ஸ் நாட்டுக்கு.

கோல் கம்பத்தின் உயரம் 8 அடி, அகலம் 24 அடி. தாருயியின் உயரமோ 1.69 மீட்டர், அதாவது சுமார் ஐந்தரை அடிதான்! தலைக்கு மேல இரண்டரை அடி காலி. (நம்ம வகுப்பில் முதல் வரிசையில் நிற்கிறவங்க கவனிக்கவும்.) இவர் எப்படிச் சமாளித்தார்? கோட்டிலேயே நின்று பந்து வரட்டும் என்று காத்திருக்க மாட்டார். முன்னால ஓடி வந்து, எதிரி உதைக்கும் முன்பே பந்தைப் பிடித்துவிடுவார். பிடித்த பிறகும் சும்மா தூக்கி அடிக்க மாட்டார். தன் அணி ஆள் எங்கே நிற்கிறார் என்று பார்த்து, அவர் காலுக்கே அனுப்புவார்.

1936-ல் அவருக்கு வயது 20. அவர் ஆடிய சார்லவில் அணி இரண்டாம் பிரிவு அணி. அது பிரெஞ்சுக் கோப்பை இறுதிப் போட்டி வரைக்கும் போய், பாரீஸ் ரேசிங் அணியிடம் 1-0 என்றுதான் தோற்றது. 1942-ல் ரெட் ஸ்டார் அணியுடன் அதே கோப்பையை வென்றார். 1947-ல் ரூபே-தூர்க்குவான் அணியுடன் லீக் சாம்பியன்.

ஆனா உலகக் கோப்பைதான் அவருக்குக் கிடைக்கவே இல்லை. 1938-ல் பிரான்ஸிலேயே நடந்தது. அணியில் இவர் பெயர் இருந்தது. இரண்டு ஆட்டத்திலும் நின்றவர் தி லோர்த்தோ. சரி, அடுத்தது பார்த்துக்கலாம் என்றால் போர் வந்துவிட்டது. 1942, 1946 இரண்டு உலகக் கோப்பையும் நடக்கவில்லை. ஒரு கோல்கீப்பருக்கு நல்ல வயசு அதுதான், அத்தனையும் போச்சு! 1950-ல் பிரேசிலுக்கு பிரான்ஸ் போகவே இல்லை. அப்போ இவருக்கு 34 வயது.

இருந்தாலும் ஒரு நாள் கிடைத்தது. ஐரோப்பாவில் போர் முடிந்து 18 நாள்தான் ஆகியிருந்தது. 1945 மே 26, லண்டன் வெம்ப்ளி மைதானம். எதிரே இங்கிலாந்து. மேத்யூஸ், லாட்டன் போன்ற பெரிய ஆட்டக்காரர்கள். தாருயி பந்துகளைத் தடுத்துக்கொண்டே இருந்தார். ஆட்டம் 2-2 என்று முடிந்தது. பிரான்ஸில் அந்த ஆட்டத்தை ரொம்ப நாள் பேசினார்கள்.

1939 முதல் 1951 வரை நாட்டுக்காக 25 ஆட்டம் ஆடினார். பிறகு என்ன செய்தார் தெரியுமா? சர்க்கஸில் சேர்ந்தார்! பார்க்க வந்தவர்கள் இறங்கி வந்து பந்தை உதைக்கலாம், இவர் தடுப்பார். சிலருக்கு இது கேவலமாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

1987-ல் இறந்தார். 1999-ல் லெக்கிப் என்ற விளையாட்டு நாளிதழ், நூற்றாண்டின் சிறந்த பிரெஞ்சு கோல்கீப்பராக இவரைத் தேர்ந்தெடுத்தது.