வேலிக்கு மரம் பிளந்த வாலிபர்

ஆபிரகாம் லிங்கனை உங்களுக்குத் தெரியும். அடுப்பு வெளிச்சத்தில் படித்தவர், அமெரிக்க ஜனாதிபதி ஆனவர், அடிமை முறையை எதிர்த்தவர். நான் வகுப்பில் அவரைப் பற்றிப் பாடம் நடத்தும்போதெல்லாம் பிள்ளைகள் அந்த அடுப்பு வெளிச்சத்தைப் பற்றித்தான் கேட்பார்கள். அவர் கையில் இருந்த கோடாலியைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை. இன்று அந்தக் கோடாலியின் கதையைச் சொல்கிறேன், கேளுங்கள்.

லிங்கன் 1809-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் தேதி கென்டக்கி மாநிலத்தில் ஒரு மரக்குடிசையில் பிறந்தார். ஏழு வயதில் குடும்பம் இண்டியானா காட்டுக்குக் குடிபெயர்ந்தது. மரத்தை வெட்டினால்தான் நிலம், நிலம் இருந்தால்தான் சோறு. அந்த வயதிலேயே அவர் கையில் கோடாலி வந்துவிட்டது. ஒன்பது வயதில் தாயை இழந்தார். விஷச்செடியைத் தின்ற மாட்டின் பாலைக் குடிப்பதால் வரும் நோய் அது. அடுத்த ஆண்டு வந்த சிற்றன்னை சாரா, பெற்ற தாயைப் போலவே அவரிடம் அன்பு காட்டினார். பள்ளிக்கூடம் போன நாட்களை எல்லாம் கூட்டினாலும் ஓராண்டு தேறாது!

அந்தக் காலத்தில் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. மகனுக்கு 21 வயது ஆகும்வரை அவன் சம்பாதிப்பது எல்லாம் தந்தைக்கே சொந்தம். லிங்கன் அக்கம்பக்கத்துப் பண்ணைகளில் மரம் வெட்டுவார், உழுவார், கதிர் அறுப்பார். கூலி தந்தை தாமஸிடம் போய்விடும். 19 வயதில் சரக்குப் படகில் நியூ ஆர்லியன்ஸ் வரை போய், மாதம் 8 டாலர் சம்பளம் வாங்கி வந்தார். அதுவும் அப்படியே வீட்டுக்குத்தான். புத்தகம் படித்து, வெளியுலகம் போய்ப் பிழைக்க வேண்டும் என்ற ஆசை மனத்துக்குள் வளர்ந்துகொண்டே இருந்தது. 21-ஆவது பிறந்த நாள் எப்போது வரும் என்று அவர் எண்ணிக்கொண்டிருந்திருக்க மாட்டாரா?

அந்த நாள் 1830 பிப்ரவரியில் வந்தது. அவர் கிளம்பிவிட்டார் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை! பால் நோய் மறுபடியும் பரவுகிறது என்ற பயத்தில் குடும்பமே இல்லினாய் மாநிலத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தது. புது இடத்தில் குடிசை இல்லை, வயல் இல்லை, வேலி இல்லை. வயதான தந்தையையும் சிற்றன்னையையும் அந்த நிலையில் விட்டுப் போக அவருக்கு மனம் வரவில்லை. மார்ச் மாதத்தில் மாட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு அவரும் கூடவே போனார். பனி உருகும் காலம். பாதை முழுக்கச் சேறு. வழியில் விற்கலாம் என்று ஊசி, நூல், பொத்தான் எல்லாம் வாங்கிப் போனார் என்றும் சொல்வார்கள்.

சங்கமான் ஆற்றின் வடகரையில் டிகேட்டர் என்ற ஊருக்குப் பக்கத்தில் இறங்கினார்கள். அங்கே வசந்த காலம் என்றால் பூப்பறித்து விளையாடும் காலம் அல்ல. மழைக்கும் குளிருக்கும் ஒதுங்க முதலில் மரக்குடிசை கட்ட வேண்டும். பிறகு புல்வெளியை உழ வேண்டும். நம் ஊர் வயலைப் போல நினைத்துவிடாதீர்கள். மனிதன் கலப்பையே படாத மண் அது. புல்லின் வேர்கள் கயிற்றுப் பாய் மாதிரி பின்னிக் கிடக்கும். பல ஜோடி மாடுகளைப் பூட்டி இழுத்தால்தான் கலப்பை நகரும். அப்படி ஏறத்தாழ 10 ஏக்கரை உழுது மக்காச்சோளம் விதைத்தார்கள்.

விதைத்தால் போதுமா? மாடும் பன்றியும் மேய்ந்துவிடுமே! அதற்குத்தான் வேலி. முள்கம்பி கிடையாது, ஆணியும் விலை. உறவினர் ஜான் ஹாங்ஸும் லிங்கனும் மரங்களை வெட்டிச் சாய்த்தார்கள். அடிமரத்தில் இரும்பு ஆப்பை வைத்து, கொட்டாப்புளியால் ஓங்கி அடிப்பார்கள். மரம் நீளவாக்கில் பிளக்கும். விரிசல் ஓடும் இடத்தில் அடுத்த ஆப்பு. இப்படிக் கிடைத்த நீளக் கட்டைகளை வளைந்து வளைந்து பாம்பு போவதுபோல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், ஆணியே இல்லாமல் வேலி நிற்கும். ஆறடி நான்கு அங்குல உயரமுள்ள வாலிபர் வீசிய கொட்டாப்புளி எப்படி இறங்கியிருக்கும், நினைத்துப் பாருங்கள்! ஒரு கால்சட்டைத் துணிக்காக அடுத்த வீட்டாருக்கு நூற்றுக்கணக்கில் கட்டை பிளந்து கொடுத்தார் என்றும் ஒரு கதை உண்டு.

சோளம் விளைந்தது. ஆனால் இலையுதிர் காலத்தில் வீட்டில் எல்லோரையும் குளிர் காய்ச்சல் வாட்டியது. அதன்பின் வந்த பனிக்காலமோ பயங்கரம்! மூன்றடிக்கு மேல் பனி கொட்டியது. பல வாரம் அந்தக் குடிசைக்குள்ளேயே அடைபட்டுக் கிடந்தார்கள். லிங்கனின் பயணம் இன்னும் சில மாதம் தள்ளிப்போனது.

1831 வசந்தம். பனி உருகி ஊரெங்கும் வெள்ளம். வண்டி போக வழியில்லை. லிங்கன், ஜான் ஹாங்ஸ், சிற்றன்னையின் மகன் ஜான் ஜான்ஸ்டன் மூவரும் ஒரு சிறு தோணியில் ஏறினார்கள். வியாபாரி ஒருவருக்காகச் சரக்குப் படகு கட்டி நியூ ஆர்லியன்ஸ் கொண்டுபோகும் வேலை கிடைத்திருந்தது. இம்முறை சம்பளம் அவருக்கே!

அந்தப் படகு ஏப்ரல் 19-ஆம் தேதி நியூ சேலம் கிராமத்து அணையில் சிக்கிக்கொண்டது. முன்பக்கம் அணைக்கு வெளியே தொங்க, பின்பக்கம் நீர் நிறைந்தது. கரையில் ஊரே கூடி வேடிக்கை பார்த்தது. லிங்கன் சரக்கின் ஒரு பகுதியை இறக்கினார். முன்பக்கத்தில் ஒரு துளை போட்டு நீரை வடித்தார். துளையை அடைத்துப் படகைத் தள்ளிவிட்டார். ஜூலையில் திரும்பி வந்தவர் அந்தக் கிராமத்திலேயே தங்கிவிட்டார். கடைப் பணியாளர், தபால் அதிகாரி, நில அளவையாளர், சட்டமன்ற உறுப்பினர், வழக்கறிஞர் என்று அதற்குப் பிறகு ஏறிய படிகளை நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள்.

படிக்காத ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். 1860 மே மாதம். அதே டிகேட்டர் ஊரில் கட்சி மாநாடு. கூட்டத்தைப் பிளந்துகொண்டு, இரண்டு பழைய வேலிக் கட்டைகளைத் தூக்கியபடி ஒருவர் உள்ளே வந்தார். ஜான் ஹாங்ஸ்தான்! 30 ஆண்டுகளுக்கு முன் லிங்கனும் தானும் பிளந்தவை என்றார். மண்டபமே ஆரவாரத்தில் அதிர்ந்தது. மறுவாரம் சிகாகோவில் லிங்கன் ஜனாதிபதி வேட்பாளரானார். ஆனால் அன்று அந்தக் கட்டைகளைப் பார்த்த லிங்கனோ, இவை தான் பிளந்தவைதானா என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் இவற்றைவிட நல்ல கட்டைகளாக நிறையப் பிளந்திருக்கிறேன் என்றாராம்!