ஒல்லாந்து நாட்டு ஞானி ஸ்பினோசா

இறைவன் உலகெங்கும் நிறைந்தவன் என்பதைச் சமயத்தார் பலரும் உடன்படுவர். அந்நிறைவு எத்தகையது என வினாவுமிடத்தே வேறுபடுவர். உலகைப் படைத்து அதற்குப் புறம்பே நிற்பவன் என்பர் ஒருசாரார்; உலகமே அவன் என்பர் மற்றொருசாரார். பிற்கூறிய கொள்கையை மேனாட்டிலே தருக்கமுறையால் நாட்டினவர் ஸ்பினோசா என்பவர். அவர் சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கிக் கூறுவாம்.

ஸ்பினோசா 1632ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 24ஆந் திகதி ஆம்ஸ்டர்டாம் நகரிலே யூத வணிகர் குடியொன்றிற் பிறந்தார். அவர் முன்னோர் போர்த்துக்கலிலே சமய நெருக்கத்தால் வருந்தி ஒல்லாந்து புகுந்தோர். ஆறு வயது நிரம்புமுன் அவர் தாயை இழந்தார். இளமையில் எபிரேய மொழியையும் வேதத்தையுங் கற்று, பின்னர் இலத்தீனும் தேக்காட்டின் தத்துவ நூல்களும் பயின்றார். வேதத்தை ஆராயப் புகுந்த அறிவு ஐயங்களை எழுப்பிற்று. 1656 யூலை 27ஆந் திகதி யூத சபையார் கடுஞ்சாபங் கூறி அவரை விலக்கினர். எவரும் அவரோடு பேசவும், ஒரு கூரையின்கீழ் இருக்கவும், அவர் எழுதியதை வாசிக்கவுங் கூடாதென்பது கட்டளை. அப்பொழுது அவருக்கு வயது 23. அதன்பின் வேறெச்சமயத்திலும் அவர் சேர்ந்திலர்.

தூரதரிசனிகளுக்கும் நுணுக்குக் கண்ணாடிகளுக்கும் வேண்டும் வில்லைகளைத் தேய்த்து மெருகிட்டு, சிற்றூர்களிலும் ஹேக் நகரிலும் எளிதாய் வாழ்ந்தார். நண்பர் ஒருவர் தம் பொருளுக்கு அவரை உரியவராக்க விரும்ப, அஃது உடன்பிறந்தாருக்கே உரியதென மறுத்தார் என்பர். அவ்வுடன்பிறந்தார் ஆண்டுதோறும் 500 கில்டர் கொடுக்க முற்பட்டபோது, 300 போதும் என்றாராம். 1673இல் ஹைடல்பேர்க் சருவகலாசாலையிலே தத்துவாசிரியர் பதவி அவரைத் தேடி வந்தது. நாட்டுச் சமயத்தைக் குழப்பலாகாதென்பது அதனோடு வந்த நிபந்தனை. சிந்திக்கும் உரிமைக்கு எல்லை யாண்டு வகுக்கப்படும் என்றறியாமையால் அவர் அதனை ஏற்றிலர். உபாத்திமைத் தொழிலுக்காகச் சமயம் மாறினோர் கதைகளை அறிந்த எமக்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும்.

அவர் கொள்கை யாது? நித்தியமும் அளவிறந்ததுமாகிய பொருள் ஒன்றே. கடவுள் எனினும் இயற்கை எனினும் அதுவே. எண்ணிறந்த அதன் இயல்புகளுள் அறிவும் பரப்பும் என்னும் இரண்டையே யாம் அறிவோம். மலையும் கடலும் மக்களும் விலங்கும், கடலுக்கு அலைபோல, அப்பொருளின் விகற்பங்களே. முக்கோணத்தின் கோணங்கள் இரு செங்கோணங்களுக்குச் சமமாதல்போல, யாவும் அப்பொருளினின்று நியதியாய்த் தோன்றுவன. உலகம் மனிதன் பயன்கருதி ஆக்கப்பட்டதென்பது மயக்கம். பொருள்களின் இயல்பை எத்துணை அறிகின்றோமோ, அத்துணைக்குக் கடவுளை அறிகின்றோம். இவற்றை ஒழுக்கவியல் என்னும் நூலிலே கேத்திரகணித முறையாக நிறுவினார். 1675இல் முடித்த அந்நூலை அவர் வெளியிடத் துணிந்திலர். 1677 பெப்ரவரி 21ஆந் திகதி, சுவாசகோச நோயால், 44ஆம் வயதிற் காலமானார். அவ்வாண்டே நண்பர் அந்நூலை அச்சிட்டனர். மறுவருடம் அரசினர் அதனைத் தடுத்தனர். நாத்திகர் என்று நெடுங்காலம் இகழப்பட்ட அவரைப் பின்னாளிலே ஜேர்மனியக் கவிஞர் கேதேயும், பௌதிக விற்பன்னர் ஐன்ஸ்டைனும் போற்றினர்.

அவர் கொள்கையைச் சைவர் எவ்வாறு கொள்வது? நிலம், நீர், தீ, வளி, விசும்பு, ஞாயிறு, திங்கள், ஆன்மா என்னும் எட்டும் இறைவன் திருமேனி என்று கொள்ளும் எமக்கு, இயற்கையை வணக்கத்தோடு நோக்குதல் புதிதன்று. ஆயினும் இறைவன் உலகோடு ஒன்றாய் நிற்றலே அவர் கண்டது; வேறாயும் உடனாயும் நிற்றலை அவர் கண்டிலர். எல்லாம் அப்பொருளேயாயின், மலத்தாற் கட்டுண்டது எது? வீடு பெறுவது யார்? கடவுளிடத்து அன்புடையான் கடவுள் தன்னிடத்து அன்பு செய்ய வேண்டுமென விழையான் என்பது அவர் துணிபு. உயிர் வேண்டாமுன்னே அருள் சுரப்பவன் சிவன் என்பது எமது துணிபு. இவ்வேற்றுமை சிறிதன்று.

இன்னொன்றும் எம்மவர் சிந்தித்தற்குரியது. ஸ்பினோசா விலக்குண்ட ஈராண்டில், 1658இல், ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினர். சைவ வழிபாட்டைத் தடுத்து, பிள்ளைகளைத் தம் கோயிற்பற்றுப் பள்ளிகளுக்கு வரும்படி தண்டம் விதித்தனர். அப்பணியைத் தொடக்கத்தில் நடத்திய பால்தேயு பாதிரியார் ஸ்பினோசா பிறந்த 1632ஆம் ஆண்டிலேயே அந்நாட்டிற் பிறந்தவர். ஒரே நாடு, ஒரே ஆண்டு. ஒருவர் கட்டளையாற் சமயம் வளர்க்கக் கடல் கடந்தார். மற்றவரோ, மனத்தை ஆணையால் ஆள முடியாதென்று 1670இற் பெயரின்றி ஒரு நூல் வெளியிட்டார். அந்நூலையும் அரசினர் 1674இல் விலக்கினர். எம் முன்னோர் வீட்டினுள்ளே மறைவாக நோற்ற விரதங்கள் அந்நூலின் உண்மைக்குச் சான்றாயின.

ஹேக் நகரிலே அவர் குடியிருந்த வீட்டுக்காரி, தன் சமயத்தில் நின்றே தான் கடைத்தேறலாமோ என ஒருநாள் வினாவினாளாம். அச்சமயம் நல்லதே, பத்தியோடும் அமைதியோடும் வாழ்ந்தாற் போதும் என்று அவர் விடையிறுத்தார் என்பர். தாம் நம்பாததைப் பிறர் நம்புமிடத்துக் கலைக்காத அவ்வொழுக்கம் ஆசிரியராகிய எமக்கு வேண்டற்பாலது. மாணாக்கருக்குப் பூமிசாத்திரமும் பிரகிருதி சாத்திரமும் கற்பிக்கும்போது, ஸ்பினோசாவைப்போல ஆராயுமாறு பழக்குக. ஆராய்ந்த பொருளினிடத்தே அருளாளனையுங் காணுமாறு சைவ நெறியிற் பழக்குக. முன்னையது அறிவு, பின்னையது அன்பு. இரண்டும் கூடியதே சைவக் கல்வி.