கடனாளியான ஒரு தேவ ஊழியர்



தி. நகரிலும் மயிலாப்பூரிலும் வீடு சந்திக்கப் போகும்போது, வியாபாரம் நொடிச்சுப்போய், கடன்காரர் முகத்துக்குப் பயந்து ஆராதனைக்கே வராமல் நின்றுவிட்ட விசுவாசிகளைப் பார்க்கிறேன். தோற்றுப்போனவனைத் தேவன் இனி எடுத்துப் பயன்படுத்த மாட்டார் என்று நினைக்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்லுவது பெப்ரீஷியஸ் ஐயருடைய சரித்திரம். புரசைவாக்கத்தில் அவர் பேரில் பள்ளிக்கூடமே இருக்கிறது, ஆனா அவர் பட்ட பாடு அநேகருக்குத் தெரியாது.

ஜெர்மனியில் 1711-ல் பிறந்தவர். 1740-ல் தரங்கம்பாடிக்கு வந்து, 1742-ல் சென்னை ஊழியத்தை ஏற்றார். நாலே வருஷத்தில் பிரெஞ்சுக்காரர் பட்டணத்தைப் பிடிக்க, பழவேற்காட்டுக்குப் போக வேண்டியதாயிற்று. 1749-ல் பட்டணம் ஆங்கிலேயரிடம் திரும்பினபின் வேப்பேரியில் மறுபடி ஆரம்பித்தார். 1758-ல் மறுபடியும் முற்றுகை, கொள்ளை!

இதற்கு நடுவிலும் ஒரு வேலையை அவர் விடவே இல்லை. சீகன்பால்கு ஐயர், சூல்ச் ஐயர் காலத்து மொழிபெயர்ப்பு இருந்தும், தமிழ் காதுக்கு அது கரடுமுரடாக இருந்தது. நம்மாலே முடியுமா என்று பயந்து ஒதுங்காமல், தமிழரிடம் கேட்டுக் கேட்டு, எழுதினதை அடித்து மறுபடி மறுபடி எழுதினார். தன் எழுத்திலே பிழை இருக்கும் என்று ஒத்துக்கொள்ளுகிறவனுக்குத்தான் இது முடியும். 1761-ல் புதுச்சேரி பிடிபட்டபோது கிடைத்த அச்சு இயந்திரம் வேப்பேரிக்கு வந்தது. 1772-ல் புதிய ஏற்பாடும், 1779-ல் தமிழ்-ஆங்கில அகராதியும் அச்சேறின.

ஆனால் பண விஷயத்தில் ஐயர் சறுக்கினார். இதை நாம் மூடி மறைக்க வேண்டாம். மிஷன் பணத்தை வட்டிக்குக் கொடுத்தார். வாங்கினவர்கள் திருப்பித் தரவில்லை. ஒரு வசனத்தைப் பத்துத் தரம் சோதிக்கிறவர் கணக்கை அப்படிச் சோதிக்கவில்லையே என்று எனக்குத் தோன்றும். முதிர்வயதில் கடனுக்காகச் சிறைக்குப் போனார். வெள்ளைக்காரப் பாதிரியார் ஜெயிலில்! அந்த அவமானத்தை யோசித்துப் பாருங்கள். 1788-ல் ஊழியப் பொறுப்பு கெரிக்கே ஐயர் கைக்கு மாறிற்று. 1791 ஜனவரியில், 80 வயதில், பெப்ரீஷியஸ் ஐயர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

பழைய ஏற்பாடு முழுவதும் அச்சாகி முடிந்ததை அவர் பார்க்கவில்லை. பிற்பாடு பவர் ஐயர் குழுவினர் திருத்தி, 1871-ல் வெளிவந்த வேதாகமத்தைத்தான் நம்முடைய சபைகளில் கையில் வைத்து வாசிக்கிறோம். அவர்கள் அஸ்திபாரமாக எடுத்துக்கொண்டது அந்தக் கடனாளியின் மொழிபெயர்ப்பை.