முத்துப் பார்களை மதிப்பிட்ட பேராசிரியர்

ஓலைத்தொடுவாய்க் கரையில் நின்று தெற்கே மன்னார் வளைகுடாவை நோக்கும்போதெல்லாம் பேராசிரியர் வில்லியம் ஹேர்ட்மன் என் நினைவுக்கு வருவார். இரண்டு நல்ல பருவங்களை நம்பி வள்ளத்துக்குக் கடன்பட்டு நொந்தவன் நான். ஆதலால் அவர் வரலாறு எனக்கு வெறும் பழங்கதையன்று.

அவர் 1858ஆம் ஆண்டு எடின்பரோவில் பிறந்தவர். லிவர்பூலில் இயற்கை விஞ்ஞானப் பேராசிரியராய் விளங்கியவர். 1891க்குப் பின் இக்கடலில் பல்லாண்டுகள் முத்துக்குளிப்பு நிகழவில்லை. காரணம் காண இலங்கை அரசாங்கம் அவரை அழைத்தது. 1902இல் உதவியாளர் ஜேம்ஸ் ஹோர்ணலுடன் வந்து, அரிப்புக்கு அப்பாலுள்ள பார்களை ஆராய்ந்தார். பெரிய பாரில் இளஞ்சிப்பிகள் திரளாகத் தோன்றினும், தென்மேற்குப் பருவக்காற்று அவற்றை அழித்துவிடுவதைக் கண்டார். ஆயினும், அவற்றை வேறு பார்களுக்கு மாற்றி விஞ்ஞான முறையிற் பேணினால் எதிர்காலம் குறித்து மனந்தளர வேண்டியதில்லை என்பது அவரது தீர்ப்பு.

1905ஆம் ஆண்டுச் சலாபத்தில் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் கிடைத்தன. அரசாங்கத்துக்குச் சுமார் 25 இலட்சம் ரூபா வருமானம். அறிஞரின் நம்பிக்கையும் கணக்கேட்டின் இலாபமும் கைகோத்தால் முதலீட்டாளருக்கு வேறென்ன வேண்டும்? 1906இல் ஓர் ஆங்கிலக் கம்பனி ஆண்டுக்கு 3,10,000 ரூபா வீதம் 20 ஆண்டுக் குத்தகை எடுத்தது. 1907க்குப் பின் பார்கள் வெறுமையாயின. குத்தகைக் கடமை மட்டும் குறையவில்லை. 1912இல் கம்பனி கலைந்தது.

அதே காலத்தில், 1909இல், நியூயோர்க்கில் ஜோன் மூடி இரயில்வேக் கடன்பத்திரங்களுக்கு எழுத்துக்களால் தரம் குறிக்கத் தொடங்கினார். இன்று தரம் உயர்ந்த கம்பனி குறைந்த வட்டிக்குக் கடன் பெற்று ஆலை எழுப்புகிறது. தரம் தாழ்ந்தால் திட்டத்தை ஒத்திவைக்கிறது. ஹேர்ட்மனின் அறிக்கையும் கடலுக்கு இட்ட ஒரு தரமே. பருவக்காற்றின் ஆபத்தை அவர் மறைக்கவில்லை. ஒரு காலத்து மதிப்பீட்டின்மேல் இருபது ஆண்டுச் சுமையை ஏற்றியதே பிழை என்பேன்.

பிற்காலத்தில் அவர் பிரித்தானிய விஞ்ஞான வளர்ச்சிச் சங்கத்துக்குத் தலைவரானார். 1916இல் சொம் போர்க்களத்தில் மகனை இழந்தார், 1924இல் மறைந்தார். மறு ஆண்டு, 1925இல், இக்கடலில் மீண்டும் முத்துக்குளித்தனர். கடல் கொடுக்காமற் போகவில்லை. கம்பனி குறித்த தவணைக்குக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.