முயல் கதை எழுதியவர் கூண் தேடிய கதை



இடி இடிச்சு மழை பெய்தா நம்ம ஊர்ல கூண் முளைக்கும். உடனே பறிக்க ஓடுவோம். அதே மாதிரி கூண் தேடிக் காட்டுக்குள்ளே நடந்தவர்தான் பீட்ரிக்ஸ் பாட்டர். பீட்டர் முயல் கதையை எழுதியவர்.

1866-ல் லண்டனில் பிறந்தார். வசதியான வீடு. ஆனா பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. வீட்டிலேயே படித்தார். விடுமுறைக்குக் குடும்பத்தோடு ஸ்காட்லாந்து போவார்கள். அங்கே பைன் காடுகள் உண்டு. பைன் வேரோடு சில கூண்கள் கூட்டாக வாழும். மரம் கூணுக்குச் சர்க்கரை கொடுக்கும், கூண் மரத்துக்குத் தண்ணீரும் மண்சத்தும் கொடுக்கும். அதனால அந்தக் காட்டில் விதவிதமாக முளைக்கும். சிலது தின்னலாம், சிலது விஷம்.

அந்த ஊர்த் தபால்காரர் சார்லஸ் மக்கின்டாஷ். தினமும் வெகுதூரம் நடப்பதால் கூண் எல்லாம் அவருக்கு அத்துபடி. 1892-ல் பாட்டர் அவரிடம் பேசிப் பழகினார். அவர் கூணைத் தபாலில் லண்டனுக்கு அனுப்புவார், பாட்டர் அதைப் படமாக வரைந்து அனுப்புவார். 1893-ல் பைன் காய் மாதிரி செதில் செதிலாக இருக்கும் அபூர்வக் கூண் ஒன்றைப் பாட்டரே கண்டுபிடித்தார்.

கூணின் வித்துத்தூளை முளைக்க வைத்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்துக் கட்டுரையும் எழுதினார். 1897 ஏப்ரல் 1-ல் லண்டன் லின்னேயன் சங்கத்தில் அது வைக்கப்பட்டது. எழுதியவர் அங்கே இல்லை! பெண்கள் கூட்டத்துக்குப் போகக் கூடாதாம். கட்டுரை அச்சாகவே இல்லை. இன்று அதன் பிரதிகூட கிடையாது. 1904-ல்தான் அந்தச் சங்கம் பெண்களை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது.

பாட்டர் சோர்ந்து உட்காரவில்லை. 1902-ல் முயல் கதை வெளிவந்து உலகப் புகழ் பெற்றார். புத்தகப் பணத்தில் நிலம் வாங்கினார். 1943-ல் இறந்தபோது 4000 ஏக்கருக்கு மேல் நாட்டுக்கே விட்டுப்போனார். 1967-ல் வந்த ஒரு காளான் புத்தகத்தில் அவருடைய 59 படங்களைச் சேர்த்தார்கள். தண்டு, மடிப்பு, நிறம் எல்லாம் அவ்வளவு சரியாக இருந்தது!

நண்பர்களே, நல்ல கூணும் விஷக் கூணும் ஒரே மாதிரி இருக்கும். வேக வைத்தாலும் சில விஷம் போகாது. நன்றாகத் தெரிந்த பெரியவர்கள் பார்த்துச் சொல்லாமல் எதையும் கறி வைக்காதீங்க.

இன்னொன்று தோழிகளே. நம்மை அறிவியல் வகுப்புக்கு வெளியே யாரும் நிறுத்தவில்லை. அதனால கையைத் தூக்கிக் கேள்வி கேட்போம்!



– ஒன்பதாம் வகுப்பு மாணவி